ஒரே எஞ்சின், இரண்டு அடிச்சட்டம்

ஜெர்மனியில் பழைய வேலை லாரி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் சிறு வீடு கட்டி, மண்பாதைகளில் மாதக்கணக்கில் போய்வர நினைப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் இரண்டு வண்டிகளில் வந்து நிற்கும். ஒன்று, ராணுவம் கழித்துவிட்ட யூனிமாக் யு 1300 எல். மற்றொன்று, தீயணைப்பு நிலையங்களிலிருந்து வரும் மூக்கு வைத்த மெர்சிடிஸ் பென்ஸ் எல்.ஏ. 911. இரண்டையும் செய்தது ஒரே நிறுவனம். இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து எஞ்சின்: 1964-ல் வந்த ஓ.எம். 352. ஆறு சிலிண்டர், 5,675 சி.சி. டீசல். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. யூனிமாக்கில் அதற்கு டர்போ உண்டு, 911-ல் பெரும்பாலும் இல்லை. யூனிமாக்கின் திறன் 130 குதிரைத்திறன். பிற்காலத் தீயணைப்பு வண்டிகளும் அதை ஒட்டியே வந்துவிடுகின்றன.

எஞ்சின் பொதுவாக இருப்பதால் இந்த ஒப்பீட்டில் ஒரு வசதி இருக்கிறது. பழைய லாரி வாங்குவோர் பேச்சில் பாதி எஞ்சினைச் சுற்றியே போகும். இங்கே அதைத் தள்ளிவைத்துவிட்டு நேராக அடிச்சட்டத்துக்கும் அச்சுக்கும் வந்துவிடலாம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இந்த எஞ்சினின் குரல் நம் காதுக்கும் புதிதல்ல. 1954-ல் டாட்டாவும் டைம்லர் பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கின. 1969-ல் ஒப்பந்தம் முடிந்து லாரியின் முகத்திலிருந்து நட்சத்திரம் இறங்கியது. பிறகும் டாட்டாவின் 697 எஞ்சின் 97 மி.மீ. குறுக்களவு, 128 மி.மீ. வீச்சு, ஆறு சிலிண்டர் என்றே இருந்தது. ஓ.எம். 352-ன் அளவுகளும் இவையே. நெடுஞ்சாலையோரம் டாட்டா 1613 லாரிகளின் சத்தத்தில் வளர்ந்த ஒருவர், பவேரியக் கிராமம் ஒன்றின் தீயணைப்பு வண்டி கிளம்புவதைக் கேட்டால் ஒரு கணம் தலையைத் திருப்பத்தான் செய்வார்.

முதலில் இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்பது. ஜெர்மன் ராணுவம் 1978 முதல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யு 1300 எல் வண்டிகளை வாங்கியது. ராணுவக் கணக்கில் இது இரண்டு டன் சுமக்கும் லாரி. அதே அடிச்சட்டத்தின் மேல் பெட்டி வைத்து ஆம்புலன்ஸாகவும், தகவல்தொடர்புக் கூண்டு ஏற்றிய வண்டியாகவும் ஓடியது. வேலை முடிந்தவற்றை ஃபிராங்பர்ட்டில் உள்ள ஃபேபெக் என்ற அரசு விற்பனை நிறுவனம் ஏலத்தில் விடுகிறது. 911, 1959-ல் அறிமுகமான குட்டை மூக்கு வரிசையைச் சேர்ந்தது. ஒன்பது டன் மொத்த எடை, 110 குதிரைத்திறன் என்பதையே அந்த எண் குறித்தது. தன்னார்வத் தீயணைப்புப் படைகளும், டி.எச்.டபிள்யூ. என்ற மத்திய அரசின் பேரிடர் உதவிப் படையும் இதன் நான்கு சக்கர இழுவை வகையை விரும்பி வாங்கின.

முன்வாழ்க்கை வேறு என்பதால் தேய்மானமும் வேறு. தீயணைப்பு வண்டி கூரைக்குக் கீழே, காய்ந்த தரையில், துடைத்து வைக்கப்பட்டு நின்றது. முப்பது ஆண்டுகளில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிகள் உண்டு. அந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. சைரன் அடித்ததும் குளிர்ந்த எஞ்சினை முழு மிதியில் ஓட்டிப் போவதும், சில கிலோமீட்டரில் திரும்பி வந்து நிறுத்துவதுமாகக் கழிந்த வாழ்க்கை அது. ஓடாமல் நின்ற வண்டியில் இரும்பைவிட ரப்பர்தான் முதலில் சாகும்: பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர்கள், டயர். ஆழமான பட்டன்களோடு புதிதுபோல் தெரியும் டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைப் படித்துப் பாருங்கள். இருபது வயது கடந்திருக்கும். ராணுவ யூனிமாக் வெயிலிலும் பனியிலும் வெட்டவெளியில் நின்றது. ஒவ்வோராண்டும் புதிய இளைஞர்கள் அதில் ஓட்டக் கற்றார்கள். ஆனால் பராமரிப்பு அட்டவணைப்படி நடந்தது. கேபின் தரை, கண்ணாடிச் சட்டம், சக்கர வளைவு ஆகிய இடங்களில் துரு இருக்கும் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

இனி அச்சு. யூனிமாக்கின் பெருமை அதன் போர்ட்டல் அச்சில் இருக்கிறது. சாதாரண லாரியில் அச்சு சக்கரத்தின் நடுவுக்கு நேராக ஓடும். யூனிமாக்கில் அது நடுவுக்கு மேலே ஓடுகிறது. சக்கரத்தின் அருகே இருக்கும் ஒரு ஜோடிப் பல்சக்கரம் சக்தியைக் கீழே இறக்கித் தருகிறது. இதனால் இரண்டு லாபம். வண்டியின் வயிறு தரையிலிருந்து சுமார் 44 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. அதோடு, வேகக் குறைப்பில் ஒரு பங்கு சக்கரத்தருகே நடப்பதால் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் உருண்டை சிறியதாகவே இருந்தால் போதும். 911-ல் அந்தக் குறைப்பு முழுவதும் நடுவிலேயே நடக்கிறது. எனவே உருண்டை பெரியது, தொங்கலும் அதிகம். பாதையின் நடுவே புடைத்து நிற்கும் கல் முதலில் அதைத்தான் தேடி வரும். பெரிய டயர் போடுவதைத் தவிர அதை உயர்த்த வேறு வழியில்லை.

யூனிமாக்கில் முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. கமான் பட்டைக்குப் பதில் சுருள் வில். ஏறி இறங்கும் சக்கரத்துக்கு நீண்ட வீச்சு. முன்பக்கம், பின்பக்கம் எல்லாவற்றுக்கும் டிஸ்க் பிரேக். 911-ல் கமான் பட்டையும் டிரம் பிரேக்கும். பின்னால் லாக் இருக்கலாம். முன்னால் இருப்பது அரிது. ஐஸ்லாந்தின் உள்நாட்டுப் பாதைகளில் பாலமில்லாத ஆறுகளைக் கடப்பவருக்கு, ஈரக் களிமண்ணில் ஏற்றம் ஏறுபவருக்கு இது சமமான போட்டியே அல்ல. யூனிமாக் போகும் இடத்தில் பாதிக்கு மேல் 911 போக முயலவே கூடாது.

ஆனால் அந்தத் திறமைக்கு விலை உண்டு. நான்கு சக்கரத்தருகிலும் தனித்தனி எண்ணெய் அறைகள், தனித்தனி சீல்கள். டிரைவ் ஷாஃப்ட்டை மூடியிருக்கும் குழாயின் முனையில் ஒரு பெரிய உருண்டை மூட்டு. அதன் சீல் கசிந்தால் பிரித்துப் போடும் வேலை பெரிது. உதிரிப் பாகம் கிடைக்கும், ஆனால் விலை கையைச் சுடும். 911-ன் அடிப்பாகத்தைப் பார்த்தால், எந்த ஊர் லாரிப் பட்டறைக்காரரும் அறிந்த அமைப்பு.

இரண்டின் அடிச்சட்டமும் முறுக்கிக்கொடுக்கும்படி செய்யப்பட்டவை என்பதை வீடு கட்டுபவர் மறந்துவிடுகிறார். பள்ளமான தரையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டால் ஒரு கால் இறங்கிச் சட்டம் கோணுமல்லவா, லாரியும் அப்படித்தான் கோணி நான்கு சக்கரத்தையும் தரையில் வைத்துக்கொள்கிறது. மேலே ஏற்றும் பெட்டியோ கோணக் கூடாத பொருள். அதைச் சட்டத்தோடு நேரடியாகப் போல்ட் போட்டு இறுக்கினால் இரண்டில் ஒன்று விரியும்: பெட்டியின் மூலை, அல்லது சட்டத்தின் துளை. இதற்காகத்தான் இடையில் ஒரு துணைச்சட்டம் செய்து, மூன்று புள்ளிகளிலோ, சாய்சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகளிலோ, சுழலும் மூட்டு வைத்துத் தாங்குகிறார்கள். யூனிமாக்கின் சட்டம் அதிகமாக முறுக்கும். அங்கே இந்த வேலையில் சமரசமே கிடையாது. ஓட்டுநர் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து போய்வர வழி வேண்டுமென்றால், இரண்டும் தனித்தனியே அசைவதைத் தாங்கும் ரப்பர் மடிப்பும் வேண்டும். 911-ன் ஏணிபோன்ற சட்டமும் முறுக்கும், ஆனால் அளவாக. ஸ்பிரிங் வைத்த தாங்கிகளோடு பெட்டி வைத்து ஆண்டுக்கணக்கில் ஓடும் வண்டிகள் உண்டு. வீட்டைத் தன் கையால் கட்ட நினைப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

அடுத்தது எடை. முடிவைத் தீர்மானிப்பது இதுவே என்பது என் எண்ணம். ஜெர்மனியில் 1999-க்கு முன் கார் உரிமம் எடுத்தவர்கள் 7.5 டன் வரை ஓட்டலாம். அதற்குப் பின் எடுத்தவர்களுக்கு 3.5 டன்தான்; மேலே போக சி1 உரிமம் வேண்டும், அதுவும் 7.5 டன் வரை. யூனிமாக்கின் மொத்த எடை வரம்பு 7.5 டன். 911-ஐ ஒன்பது டன்னிலிருந்து 7.5 டன்னுக்குள் காகிதத்தில் இறக்கிப் பதிவு செய்துகொள்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெப்பம் தடுக்கும் சுவர்களோடு மூன்றரை மீட்டர் பெட்டி, கதவு சன்னல் உட்பட 900 கிலோ. உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி 300. தண்ணீர் 300 லிட்டர் என்றால் 300 கிலோ. கூடுதல் தொட்டியில் டீசல் 200 லிட்டர், 170 கிலோ. பேட்டரியும் சூரியத் தகடும் 130. ஸ்டெப்னியும் அதைத் தூக்கும் ஏற்பாடும் 150. இரண்டு பேர் 150. கருவி, உணவு, துணிமணி 300. சேர்த்தால் 2,400 கிலோ. எதையும் ஆடம்பரமாகச் சேர்க்கவில்லை. ராணுவம் இரண்டு டன் என்று குறித்த வண்டியில் சுமை ஏற்றும் இரும்புத் தொட்டியைக் கழற்றி மிச்சப்படும் சில நூறு கிலோவையும் சேர்த்தால்தான் இது பொருந்துகிறது. ஒரு மோட்டார் சைக்கிளைப் பின்னால் தொங்கவிட்டால் பொருந்தாது. 7.5 டன் என்று பதிந்த 911-க்கும் காகிதத்தில் அதே வரம்புதான். ஆனால் அதன் பட்டையும் சட்டமும் பிரேக்கும் ஒன்பது டன்னுக்குச் செய்யப்பட்டவை. எந்நேரமும் வரம்பின் விளிம்பில் ஓடும் வண்டிக்கும், ஒன்றரை டன் மிச்சம் வைத்து ஓடும் வண்டிக்கும் வித்தியாசம் ஓராண்டுப் பயணத்தில் தெரிந்துவிடும். பெரிய லாரிக்கான உரிமம் கையில் இருந்தால் 911-ஐ இறக்கவே வேண்டாம்.

இடமும் இதோடு சேர்ந்தது. யு 1300 எல் வண்டியின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 3.25 மீட்டர். 911-ல் 3.6, 4.2 என்ற நீளங்கள் உண்டு. நீண்டதில் நாலரை மீட்டர் பெட்டிகூட வைக்கலாம். குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு அந்த ஒரு மீட்டர் ஓர் அறை. குறுகிய மலைப்பாதை வளைவில் யூனிமாக் ஒரே திருப்பில் திரும்பும்போது, நீண்ட 911 பின்வாங்கித் திரும்ப வேண்டியிருக்கும் என்பதும் உண்மை.

வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மணிக்கு எண்பதைத் தாண்டினால் கேபினுக்குள் பேச்சு கேட்காது, டீசல் நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டரைச் சுற்றிப் போகும். முப்பது வயது கடந்த வண்டிகளுக்கு ஜெர்மனியில் பழம்பொருள் எண்பலகை கிடைக்கிறது. ஆண்டு வரி 191 யூரோ சொச்சம்தான், புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள்ளும் போகலாம். மாற்றங்கள் அந்தக் காலத்தில் செய்திருக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

டயரில் மட்டும் 911 வாங்குபவர் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும். தீயணைப்பு வண்டிகள் பலவற்றில் பின்னால் இரட்டைச் சக்கரம். மணலில் முன் சக்கரம் போட்ட தடத்தில் அவை போவதில்லை, தங்களுக்குப் புதுத் தடம் வெட்டிச் சக்தியைத் தின்கின்றன. இரண்டுக்கும் நடுவே கல் சிக்கிப் பக்கவாட்டை அறுக்கும். எனவே நான்கு பக்கமும் ஒற்றைப் பெரிய டயருக்கு மாற்றுகிறார்கள். அதற்கேற்ற ரிம்மும், ஆய்வு அதிகாரியின் ஒப்புதலும் தேவை. யூனிமாக் ராணுவத்திலிருந்தே ஒற்றைச் சக்கரத்தோடு வருகிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, நீண்ட தூரம் போகிறவருக்கு நான் 911-ஐயே சொல்வேன். கண்டம் தாண்டும் பயணத்தில் நாட்களைத் தின்பது ஆறும் சேறும் அல்ல. ஓடு ஓடாக எழும்பிய சரளைச் சாலை, வெயில், தூசி, உதிரிப் பாகத்துக்கான காத்திருப்பு. இந்த மூக்கு லாரிகளும் அவற்றின் நெருங்கிய உறவுகளும் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் இரானிலும் உள்ளூரிலேயே செய்யப்பட்டன. அங்கே சந்தைக் கடைகளில் இவற்றின் பாகங்கள் இருக்கின்றன, கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். யூனிமாக்கின் எஞ்சினுக்கும் அந்த நன்மை கிடைக்கும். அதன் போர்ட்டல் அச்சுக்குக் கிடைக்காது. இரண்டு மூன்று வார விடுமுறையில், இரண்டே பேராக, பாதை முடியும் இடத்துக்கு அப்பால் போவதே நோக்கம் என்பவர் யூனிமாக்கை எடுக்கட்டும்; அங்கே அதற்கு மாற்று இல்லை.

எதை எடுத்தாலும், பழைய மேல்கட்டைக் கழற்றியவுடன், புதிய பெட்டிக்கு அளவெடுப்பதற்கு முன், வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் எங்கே உட்கார வேண்டும் என்பதை அந்த இரண்டு எண்களிலிருந்து முடிவு செய்யலாம். முடிந்தவரை தாழ்வாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில். பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கி ஸ்டியரிங்கை லேசாக்கும்.