மட்டக்களப்பில் சிறுவர் தாதியம்

சிறுவர் தாதியம் என்பது பிறந்த குழந்தை முதல் கட்டிளம் பருவத்தினர் வரை வயதுக்கேற்ப உடல், உள நலம் பேணும் பணி. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை (கிழக்குக் கரை), படுவான்கரை (மேற்குக் கரை) ஊர்களில் அதை வீட்டிலேயே தொடங்குபவர் குடும்பநல உத்தியோகத்தர். பிரசவத்தின் பின் வீட்டுக்கு வந்து, தொப்புளில் கிருமித்தொற்று, மஞ்சட்காமாலை உண்டா என்று பார்ப்பார். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வழிகாட்டுவார். கிளினிக்கில் நிறையும் உயரமும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டின் வளர்ச்சிக் கோட்டில் குறிக்கப்படும்.

தடுப்பூசி அட்டவணையில் பிறந்ததும் பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசியும் போலியோ சொட்டும், 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். இடம்பெறுகின்றன.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்றவற்றின் சிறுவர் விடுதிகளில் மருந்தின் அளவு பிள்ளையின் நிறையைக் கொண்டு கணிக்கப்படும். மாரிமழையோடு பெருகும் டெங்குவில் காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே. அஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் குருதிக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தானது என்பதால் நாடி, குருதியழுத்தம், சிறுநீரளவு இடைவிடாமல் கவனிக்கப்படும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, மயக்கம் கண்டால் வைத்தியருக்கு உடனே அறிவிக்க வேண்டும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிக் கரைசல் (வாய்வழி நீரேற்றுக் கரைசல்) சிறிது சிறிதாகப் பருக்கப்படும், தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

கட்டிளம் பருவத்தினரிடம் சிகிச்சையை நேரடியாக விளக்குவதும், பரிசோதனையின்போது மறைவிடம் தருவதும், அவர்கள் சொன்னதை இரகசியமாகக் காப்பதும் தாதியரின் கடமை.