அளவுக் கணக்கும் பெண்களும்: எம்-புக் முதல் கணினி வரை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோவில் ராஜகோபுரமும் பால்கோவாவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 11 நிலைகள், 192 அடி உயரம். இப்படி ஒரு கோபுரத்தை எழுப்ப எவ்வளவு கல், எத்தனை செங்கல், எவ்வளவு சுண்ணாம்பு என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கைப் போடுபவருக்கு இன்றைய பெயர் குவான்டிட்டி சர்வேயர். சுருக்கமாக க்யூ.எஸ். நம் ஊரில் பெரும்பாலும் சிவில் இன்ஜினியரே இந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்.

இந்தக் கணக்கில் பெண்கள் எப்போது வந்தார்கள், கணினி அதில் என்ன மாற்றம் செய்தது என்று பார்ப்போம்.

ஒரு அங்குலத்தின் விலை

30 அடிக்கு 20 அடி அளவில் ஒரு தளம். கனம் 5 அங்குலம். கான்கிரீட் 250 கன அடி வரும், அதாவது ஏறக்குறைய 7 கன மீட்டர். 1:1½:3 கலவைக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட் என்று வைத்தால் 57 மூட்டை. அதே தளத்தை 6 அங்குலம் என்று தவறாக எழுதிவிட்டால் 68 மூட்டை. ஒரே ஒரு எண் மாறியதில் 11 மூட்டை வித்தியாசம்! மணல், ஜல்லி, கூலி எல்லாம் இதற்கு மேல். வீடு கட்டுபவரின் கடன் கூடுவதும் குறைவதும் இந்த எண்களில்தான் இருக்கிறது.

கோலும் எம்-புக்கும்

அளப்பது நமக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலம் அளந்த கோல்கள் குறிப்பிடப்படுகின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் வளர்ந்த பொதுப்பணித் துறை இதற்கு ஒரு புத்தக முறையைக் கொண்டு வந்தது. அதுதான் மெஷர்மென்ட் புக், சைட்டில் எல்லோரும் சொல்லும் எம்-புக். பக்கங்களுக்கு எண் உண்டு, கிழிக்கக் கூடாது. தவறாக எழுதியதை அழிக்கவும் கூடாது. கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கிடைப்பது இதில் எழுதியதை வைத்துத்தான்.

கட்டட வேலையில் பெண்கள் இல்லாத காலமே இல்லை. செங்கல்லும் கலவையும் சுமந்த சித்தாள்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் அவர்கள் சுமந்ததை அளந்து எழுதிய கை ஆணுடையதாகவே இருந்தது.

மற்ற நாடுகளிலும் இதே நிலைதான். லண்டனில் சர்வேயர்களுக்கான அமைப்பு 1868ல் தொடங்கியது. அதில் தகுதி பெற்ற முதல் பெண், ஐரீன் பார்க்லே. ஆண்டு 1922. அதற்கு 1919ல் வந்த ஒரு சட்டம் தேவைப்பட்டது.

கிண்டியில் திறந்த கதவு

கிண்டி பொறியியல் கல்லூரி 1794ல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. அளக்கக் கற்றுக் கொடுக்க ஆரம்பித்த அந்த இடத்தில் பெண்கள் நுழைய 1940 வரை, அதாவது 146 ஆண்டுகள் ஆயின. முதலில் சேர்ந்தவர் ஏ. லலிதா. இளம் வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நின்றவர். அவர் மின் பொறியியல் படித்தார். அவரை அடுத்து வந்த பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் படித்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். கிட்டத்தட்ட எம்-புக் திருத்தம் மாதிரியே!

திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையில் 1971ல் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

ராஜபாளையம் பக்கம்

ராஜபாளையத்துக்கும் கட்டடத் தொழிலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1936ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா, 1957ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தையும் தொடங்கினார். 2013ல் அதன் பெயர் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று மாறியது. மூட்டைக் கணக்கு இந்த ஊருக்குப் புதிதே அல்ல. இதே குழுமம் பின்னர் ராம்கோ சிஸ்டம்ஸ் மூலம் மென்பொருளிலும் இறங்கியது.

ஆனால் இந்தப் பகுதிப் பெண்கள் பொறியியல் படிக்க நெடுங்காலம் வெளியூர் போக வேண்டியிருந்தது. மகளை விடுதியில் விட்டுப் படிக்க வைக்க எத்தனை வீடுகள் சம்மதித்திருக்கும்? 1984ல் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கியது. இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 2013ல் ராஜபாளையத்திலேயே ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தது. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலை வந்ததும் பல வீடுகளில் பேச்சு மாறியது.

கணினி செய்த மாற்றம்

உலகில் கணினிக் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1979ல் விசிகால்க், 1982ல் ஆட்டோகேட், 1985ல் எக்செல், 2000ல் ரெவிட். முன்பு ஒரு சுவரின் கனம் மாறினால் மொத்தக் கணக்கையும் மறுபடி கையால் போட வேண்டும். எக்செலில் ஒரு கட்டத்தை மாற்றினால் கடைசி வரி வரை தானாக மாறிவிடும். ஆட்டோகேடில் கோட்டை இழுத்து மூடினால் பரப்பளவு வந்துவிடும். ரெவிட் போன்றவற்றில் வரைபடமே ஒரு முழு மாதிரிக் கட்டடம். அதிலிருந்து அளவுப் பட்டியலை நேரடியாக எடுக்கலாம். மத்தியப் பொதுப்பணித் துறை கணினியில் தயாரித்த எம்-புக்கையும் ஏற்றுக் கொள்கிறது.

இது பெண்களுக்கு என்ன செய்தது? சைட்டில் கழிப்பறை இல்லை, இரவுக் கான்கிரீட், ஊர் பேச்சு என்று பல காரணங்கள் சொல்லி அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். கணக்கின் பாதி மேசைக்கு வந்ததும் அந்தக் காரணங்களின் பலம் குறைந்தது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ எழும் கட்டடத்துக்கு ராஜபாளையத்தில் உட்கார்ந்தே ஒரு பெண் அளவெடுக்க முடியும்.

ஆனால் இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது. மென்பொருள் எண்ணுவது வரைந்ததை, கட்டியதை அல்ல. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ என்று கணினி சொல்லும். தளத்தில் நிஜமாக 12 மி.மீ. கம்பிதான் போட்டார்களா என்று அதற்குத் தெரியாது. அதை டேப்போடு போய்ப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். "நீ ஆபீஸிலேயே இரும்மா, சைட்டை நாங்க பார்த்துக்கறோம்" என்று அன்பாகச் சொன்னாலும், கணக்கின் மறுபாதி அந்தப் பெண்ணின் கையை விட்டுப் போகிறது. பில்லில் தகராறு வரும்போது, சைட்டை அளந்தவர் சொல்லுக்குத்தான் மதிப்பு.

முடிவாக

146 ஆண்டுகள் மூடியிருந்த கதவு 1940ல் திறந்தது. கணினி அதை இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. ஆனால் மேசைக்கு முன் ஒரு நாற்காலி கிடைப்பதோடு இந்த வரலாறு முடிந்துவிடக் கூடாது. எக்செலில் எண்ணைப் போடும் அதே பெண், தளத்தில் ஏறி நின்று அந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அங்கே கலவை சுமந்து நிற்கும் சித்தாளின் உழைப்பும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது.