பழவேற்காடு: கல்லறை இல்லாதவர்களின் வரலாறு

கறுப்பின வரலாறு என்றதும் நம் மனதில் ஓடும் படம் ஒன்றுதான். ஆப்பிரிக்கா, அடிமைக் கப்பல், அமெரிக்காவின் பருத்தித் தோட்டம். 1968ல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் பல மாதங்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடி, இந்த வரலாற்றைப் படிக்கத் தனித் துறையே பெற்றார்கள். பிறகு பல பல்கலைக்கழகங்களில் இது பாடமானது. ஆனால் அடிமைக் கப்பல்கள் அட்லாண்டிக்கில் மட்டும் ஓடவில்லை, நம் வங்கக் கடலிலும் ஓடின. அவை ஆள் ஏற்றிய துறைகளில் ஒன்று, சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு.

இன்று பழவேற்காடு என்றால் ஏரி, இறால், நண்டு, பூநாரை. லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவர் குப்பங்கள். சுற்றுலா வருபவர்கள் டச்சுக் கல்லறையையும் பார்த்துவிட்டுப் போவார்கள். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள், உள்ளே பெயரும் தேதியும் பொறித்த பெரிய கற்கள். தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது.

டச்சுக்காரர்கள் 1613ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். முதலில் அவர்களுக்கு வேண்டியது துணி. இந்தோனேசியத் தீவுகளில் சோழமண்டலத் துணியைக் கொடுத்துத்தான் மிளகும் ஜாதிக்காயும் வாங்க முடிந்தது. பிறகு 1619ல் பத்தாவியாவை (இன்றைய ஜகார்த்தா) பிடித்தார்கள். 1621ல் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளைத் தாக்கி, அங்கிருந்த மக்களைக் கொன்றும் விரட்டியும் ஏறக்குறைய ஒழித்தார்கள். தோட்டம் இருந்தது, வேலை செய்ய ஆள் இல்லை. துணி ஏற்றிய துறைகளிலேயே மனிதர்களையும் ஏற்றத் தொடங்கினார்கள்.

ஆள் எப்படிக் கிடைத்தது? இதுதான் நாம் தயங்கும் இடம். டச்சுக்காரர்கள் ஊருக்குள் புகுந்து ஆள் பிடிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்கவில்லை. உள்ளூர்த் தரகர்கள் கொண்டுவந்து விற்றார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வியாபாரம் படுத்துவிடும். பஞ்சமோ போரோ வந்தால் சூடு பிடிக்கும். 1618 முதல் 1620 வரையிலான வறட்சிக்குப் பிறகும், 1640களின் நடுவில் வந்த பஞ்சத்திலும், பீஜப்பூர்ப் படையால் தஞ்சைப் பகுதி சூறையாடப்பட்ட 1659-61லும் ஏற்றுமதி எகிறியது. பெற்றவர்கள் பிள்ளைகளை விற்றார்கள். சிலர் ஒருவேளைச் சோற்றுக்காகத் தங்களையே விற்றுக்கொண்டார்கள். 1621 முதல் 1665 வரை 131 கப்பல்களில் 38,441 பேர் ஏற்றப்பட்டார்கள் என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு.

இத்தனை பேரில் ஒரு பெண்ணின் கதை மட்டும் ஓரளவு தெரிகிறது. டச்சு ஆவணங்களில் அவள் பெயர் 'பாலியகட்டா கத்ரைன்', அதாவது பழவேற்காட்டுக் கத்ரைன். அப்பா அம்மா வைத்த பெயர் பதிவாகவில்லை. அடிமைகளுக்குப் புதுப் பெயர் வைத்து, ஊர்ப் பெயரைப் பின்னால் ஒட்டுவது டச்சுக்காரர்களின் வழக்கம். 1656ல் பத்தாவியாவில், தன்னைத் தாக்கிய ஒருவனை அவள் திருப்பி அடிக்க, அவன் இறந்துபோனான். முதலில் மரண தண்டனை. பிறகு அது நாடு கடத்தலாக மாறியது. 1657ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே டச்சுத் தலைவர் ஃபான் ரீபெக் வீட்டில் துணி துவைத்தாள். ஒரு டச்சுப் படைவீரனுக்கும் அவளுக்கும் பிறந்த மகன் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன், பிரெஞ்சு அகதிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தான். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற குடும்பப் பெயர் கொண்ட வெள்ளையர்கள் ஏராளம்!

நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியா, இலங்கைப் பக்கத்தவர்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1950ல் நிறவெறி அரசு மக்களை இனம் வாரியாகப் பதிவு செய்யச் சட்டம் போட்டபோது, அந்த அடிமைகளின் வாரிசுகளில் பலர் 'கலப்பினத்தார்' பட்டியலில் விழுந்தார்கள். சிலரின் வாரிசுகள் 'வெள்ளையர்' ஆனார்கள். வேர் ஒன்று, பட்டியல் வேறு. 1970களில் ஸ்டீவ் பிக்கோவும் அவருடைய மாணவர் இயக்கமும் 'கறுப்பர்' என்ற சொல்லுக்குத் தோல் நிறத்தைத் தாண்டிப் பொருள் சொன்னார்கள். ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் என்று ஒடுக்கப்பட்ட எல்லோரும் கறுப்பர்களே என்றார்கள்.

அந்தப் பொருளில் பார்த்தால் கறுப்பின வரலாற்றில் பழவேற்காட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. நம் பாடப் புத்தகங்களில் டச்சுக்காரர்கள் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், போனார்கள் என்று இரண்டு வரி இருக்கும். யாரைக் கொண்டுபோனார்கள் என்பது இருக்காது. அதை எழுதினால், விற்றுக் கொடுத்த தரகர்களையும், பசித்தவனைக் கைவிட்ட நம் அரசர்களையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும்.

2023 ஜூலை 1 அன்று நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாண்டர், தன் நாடு நடத்திய அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார். விற்றவர்களின் தரப்பிலிருந்து யார் கேட்பது?

பழவேற்காட்டில் டச்சு வியாபாரிகளுக்குக் கல்லறை இருக்கிறது. முகத்துவாரத்தைத் தாண்டிக் கப்பல் ஏறிப் போனவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. பள்ளிப் பாடத்தில் கத்ரைனுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம்.