கட்டைவிரல் கடந்த தூரம்

கைக்கு ஐந்து விரல், மேளத்துக்கு ஏழு சுரம். இந்தக் கணக்கை நேர்செய்யப் பியானோ போன்ற விசைப்பலகைக் கருவிகளை வாசித்த கலைஞர்கள் கண்ட வழிதான் ஃபிங்கரிங் எனப்படும் விரலமைப்பு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் கட்டைவிரலுக்கு அதிக வேலை இருக்கவில்லை. நடுவிரல்களே ஒன்றையொன்று தாண்டிச் சென்றன. தம் இளமைக்கால மேதைகள் தொலைவான சுரங்களை எட்டுவதற்கு மட்டுமே கட்டைவிரலைப் பயன்படுத்தினார்கள் என்று தந்தை ஜே. எஸ். பாக் சொல்லக் கேட்டதை சி. பி. ஈ. பாக் 1753இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்தார். அந்த நூல் கட்டைவிரலையே முதன்மை விரலாக்கியது. சுர வரிசையில் குட்டையான கட்டைவிரல் வெள்ளைக் கட்டையில் அமரும். நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளை எட்டும். கட்டைவிரல் மற்ற விரல்களின் அடியில் நுழைந்து அடுத்த இடம் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் பியானோ ஆசிரியர் செர்னியின் பயிற்சி நூல்கள் இதையே அன்றாடப் பாடமாக்கின.

இந்தப் பியானோ மரபு இந்தியாவையும் எட்டியது. பெங்களூரில் 1809இல் கண்டோன்மென்ட் அமைந்தபின், ராணுவ பேண்டுகளோடும் தேவாலயங்களோடும் மேற்கத்திய இசை அங்கே வேரூன்றியது. மைசூர் அரண்மனையும் அந்த இசையை ஆதரித்தது. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் பியானோவை முறையாகப் பயின்று, 1945இல் லண்டன் கில்டுஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட் பட்டம் பெற்றார். ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகள் இசைத்தட்டாக வரப் பொருளுதவி செய்தவரும் அவரே; மெட்னர் தம் மூன்றாம் பியானோ கன்செர்ட்டோவை அவருக்குக் காணிக்கையாக்கினார். ‘ஸ்ரீவித்யா’ முத்திரையில் 94 கர்நாடக கீர்த்தனைகள் இயற்றியதும் அதே கைதான்.

செர்னி வகுத்த பாதைக்கு வெளியே வளர்ந்தது ப்ளூஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே, பெரும்பாலும் கேள்வி ஞானத்தால் வாசித்தவர்களின் கைகளில் அதன் பியானோ பாணி உருவானது. அந்த மரபில் ஊறிய ஜாஸ் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு 1930களின் பிற்பகுதியில் பம்பாய் தாஜ் ஹோட்டலிலும், பின்னர் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலிலும் வாசித்து, 1945இல் கல்கத்தாவிலேயே காலமானார்.

ப்ளூஸ் வரிசை தமிழ்க் காதுக்கு அந்நியமல்ல. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் சேர்ந்தால் சுத்த தன்யாசி. அதில் சுத்த மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்திமத்தையும் சேர்த்தால் ப்ளூஸின் ஆறு சுரங்கள் கிடைத்துவிடும். ஒரு கட்டை சுருதியில், அதாவது சி-யில், வலது கைக்கு வசதியான வழி இது: கட்டைவிரலை ஒன்று என்று எண்ணத் தொடங்கி, ச, க, ம, பிரதி ம ஆகியவற்றுக்கு 1, 2, 3, 4, அடியில் நுழையும் கட்டைவிரல் பஞ்சமத்தில், நிஷாதத்துக்கு 2, மேல் ஷட்ஜத்தில் மீண்டும் 1. கட்டைவிரல் வெள்ளைக் கட்டையை விட்டு விலகவே இல்லை. பாக் விதி இதுவரை பொருந்துகிறது.

இரண்டரைக் கட்டைக்கு, அதாவது ஈ ஃபிளாட்டுக்கு, மாறினால் நிலைமை வேறு. ஆறு சுரங்களில் ஐந்து கறுப்பு. பிரதி மத்திமம் மட்டுமே வெள்ளை. அங்கே கட்டைவிரலை வைத்துத் தொடங்கினால், ஐந்து சுரங்களில் ஐந்து விரலும் தீர்ந்துவிடும். ஒரு ஸ்தாயியைத் தாண்ட வேண்டுமானால் கட்டைவிரலும் கறுப்புக் கட்டை ஏறியே ஆக வேண்டும். ஒரு விரல் ஒரு சுரம் என்ற பழக்கத்தையும் ப்ளூஸ் தளர்த்தியது. சி-யில் வாசிக்கும்போது ஈ ஃபிளாட்டைத் தொட்ட விரல், எடுக்கப்படாமல் அப்படியே பக்கத்து வெள்ளைக் கட்டையில் வழுக்கி இறங்கும். உயரமான கறுப்புக் கட்டையிலிருந்து தாழ்ந்த வெள்ளைக்கு வழுக்குவது எளிது. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு அப்படி ஏற முடியாது. குரலின் குழைவைக் கட்டைகளில் கொண்டுவர விரும்பியதன் விளைவு இது.

அதே குழைவு இல்லை என்பதுதான் இந்தியாவில் ஆர்மோனியத்தின் மீதும் சுமத்தப்பட்ட குறை. கமகம் பேசாது, சுருதி இடங்கள் பொருந்தாது என்ற வாதத்தால் 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கிவைத்தது. 1970களில்தான் தடை தளர்ந்தது.

மீண்டும் பெங்களூருக்கு வந்தால், 1987இல் அருணா சுந்தர்லால் தொடங்கிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக், அந்த நகரில் மேற்கத்திய இசைக் கல்விக்கு நிலையான இடம் தந்தது. பியானோ பழகுபவருக்கு விரல் எண்கள் இன்றும் முதல் பாடங்களில் ஒன்று. ப்ளூஸ் அவற்றை அழிக்கவில்லை. சுருதி மாறும்போது கையின் அமைப்பைப் பார்த்து அவற்றை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது.