கொடுக்கை ஒடித்துவிட்டு கடலில் விடப்படும் நண்டு... பிழைக்குமா? ஃப்ளோரிடாவில் என்ன நடக்கிறது?

நம்மூரில் நண்டு வாங்கினால் முழு நண்டும் குழம்புச் சட்டிக்குப் போய்விடும். ஆனால் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 'ஸ்டோன் கிராப்' எனப்படும் கல் நண்டை முழுசாகக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. கொடுக்கை மட்டும் ஒடித்துக்கொண்டு, நண்டை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும். இதுதான் அங்கே சட்டம்.

காரணம் சிம்பிள். பல்லிக்கு வால் போல, இந்த நண்டுக்குக் கொடுக்கு திரும்ப முளைக்கும். ஆனால் உடனே இல்லை. நண்டு ஓடு உரிக்கும்போதுதான் புதுக் கொடுக்கு பெரிதாகும். வளர்ந்த நண்டு பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறைதான் ஓடு உரிக்கும். பழைய அளவை எட்ட 3 ஆண்டுகள்கூட ஆகலாம்.

எங்கே ஒடிப்பது?

எல்லாமே இதில்தான் இருக்கிறது. கொடுக்கின் அடிப்பகுதியில், இயற்கையாகவே கழன்று வரும் ஒரு மூட்டு உண்டு. அந்த இடத்தில் சரியாக ஒடிந்தால் ஒரு சவ்வு காயத்தை மூடிவிடும். அவசரத்தில் முறுக்கி, உடம்புச் சதையும் சேர்ந்து பிய்ந்து வந்தால் நண்டு பிழைப்பது கஷ்டம்.

அக்டோபர் 15 முதல் மே 1 வரைதான் சீசன். கொடுக்கு குறைந்தது 2 7/8 அங்குலம், அதாவது சுமார் 7.3 செ.மீ. இருக்க வேண்டும். முட்டை சுமக்கும் பெண் நண்டைத் தொடவே கூடாது.

ஒன்றா, இரண்டா?

சிக்கல் இங்கேதான். இரண்டு கொடுக்கும் அளவில் சரியாக இருந்தால் இரண்டையுமே எடுக்கலாம் என்கிறது சட்டம். ஆனால் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு பழைய ஆய்வில், ஒரு கொடுக்கை இழந்த நண்டுகளில் 28% இறந்தன. இரண்டையும் இழந்தவற்றில் 47%. ஏறக்குறைய பாதி! தப்பிப் பிழைத்தாலும், சிப்பியை உடைத்துத் தின்பதற்கு அதனிடம் கொடுக்கு இல்லை. எதிரி வந்தாலும் வெறுங்கைதான். அதனால் 'நண்டைக் கொல்லாத மீன்பிடி' என்ற பெயரை அப்படியே நம்பிவிட முடியாது.

பிடிபடும் அளவு நீண்டகாலமாகக் குறைந்துவந்ததால் 2020-ல் விதிகள் இறுக்கப்பட்டன. 2 3/4 அங்குலமாக இருந்த குறைந்தபட்ச அளவு உயர்ந்தது. மே 15 வரை நீண்ட சீசன் இரண்டு வாரம் சுருங்கியது. சின்ன நண்டுகள் தானாக வெளியேற, கூண்டில் தப்பிக்கும் வளையமும் கட்டாயமானது. இரண்டு கொடுக்கையும் எடுக்கலாம் என்ற அனுமதி மட்டும் மாறவில்லை.