ஆசீவகர் நியதியும் வினைப்பொறுப்பும்

நல்வினை செய்தாரைப் புகழ்தலும் தீவினை செய்தாரைப் பழித்தலும் உலகத்தார் எல்லார்க்கும் ஒத்த வழக்கு. காற்றில் முறிந்த மரக்கிளை ஒருவன் தலைமேல் விழுந்து ஊறு செய்யின் கிளையைப் பழிப்பார் யாருமிலர். கல்லெறிந்து ஊறு செய்தானைப் பழியாதாரும் இலர். இவ்வேற்றுமை என்னையெனின், எறிந்தானுக்கு எறியவும் எறியாதொழியவும் உரிமையுண்டு. கிளைக்கு அஃதில்லை என்க. அறநூல்கள் அனைத்தும் இவ்வுரிமையையே நிலைக்களமாகக் கொண்டு எழுந்தன. இதனை அடியோடு மறுத்த சமயமொன்று பண்டு இந்நாட்டில் தோன்றி, ஆயிரத்தைந்நூறு ஆண்டிற்கு மேலும் நிலவியது. அதுவே ஆசீவகம் எனப்படுவது.

இச்சமயத்திற்கு முதலாசிரியராக எண்ணப்படுபவர் மற்கலி கோசாலர். இவர் புத்தர்க்கும் மகாவீரர்க்கும் ஒருகாலத்தவர். ஆனிரை கட்டும் கொட்டிலிற் பிறந்தமையின் கோசாலர் எனப் பெயர் பெற்றார் என்றும், மகாவீரரோடு ஆறியாண்டு உடனுறைந்து பின்னர்ப் பிரிந்தார் என்றும், சாவத்தி நகரில் ஆலாகலை என்னும் குயத்தியின் மட்கல வினைக்கூடத்தில் தங்கியிருந்தார் என்றும் சைன நூல்கள் கூறும். ஆசீவகர் தாமே இயற்றிய நூல்கள் இக்காலத்து நின்றில. அவர் கொள்கை மறுப்பாரது நூல்வாயிலாகவே அறியக் கிடக்கின்றது. எனினும், தம்முள் மாறுபட்ட பௌத்தரும் சைனரும் இவர் கொள்கையின் தலைமைப்பகுதியை ஒருபடித்தாகவே உரைத்தலின், அதனை ஐயுற வேண்டுவதின்று.

அக்கொள்கையாவது: உயிர்கள் மாசுறுதற்கும் தூய்மையுறுதற்கும் யாதொரு காரணமுமில்லை, முயற்சி, வலி, ஆண்மை என்பன வெறுஞ்சொற்கள், யாவும் நியதியால் நிகழ்வன, பேதையும் அறிஞனும் ஒருங்கே 84 இலட்சம் மாகற்பம் பிறந்துழன்று, உருட்டிய நூலுருண்டை தன் நூல் உள்ளளவும் அவிழ்ந்து நிற்றல்போலத் தாமே வீடுறுவர் என்பது. இங்ஙனம் முயற்சியை மறுத்த ஆசீவகரே ஆடை துறந்தும் உண்ணாநோன்பு கிடந்தும் கடுந்தவம் இயற்றினர் என்பது வியக்கத்தக்கது. அத்தவமும் நியதியால் வந்ததே என்பது அவர் கொள்கைக்கு இசையும் விடையாம்.

இக்கொள்கையைக் கேட்டாருள் மகதவேந்தன் அசாதசத்துருவும் ஒருவன். அவன் தன் தந்தை பிம்பிசாரனைக் கொன்று அரசு கொண்டவன். துறவின் பயன் யாதென்று அவன் ஆசிரியர் அறுவரையும் வினாவியதனைத் தீகநிகாயத்துச் சாமஞ்ஞபல சூத்திரம் உரைக்கின்றது. மற்கலியார் கூறியதனை மெய்யென அவன் ஏற்றிருப்பின், தந்தையைக் கொன்றதும் நியதியின் செயலேயென்று தன்னைப் பழியினின்றும் விடுவித்துக்கொண்டிருக்கலாம். அவன் அவ்வாறு செய்திலன். அவ்விடைகளால் மனநிறைவு பெறாது, இறுதியிற் புத்தரை அடைந்து, தன் தந்தையைத் தானே கொன்ற குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்டான். குற்றமில்லையென்று சொல்லும் கொள்கை குற்றமுடையான் நெஞ்சை ஆற்றமாட்டாது என்பது இதனாற் புலனாம்.

இனி, இவ்வழக்கைத் தெளிவுற முடித்துக் காட்டுவது உவாசகதசா என்னும் சைன அங்கநூல் கூறும் சத்தாலபுத்திரன் வரலாறு. அவன் போலாசபுரத்துக் குயவன். ஊர்ப்புறத்தே 500 மட்கலக் கூடங்கள் உடைய பெருஞ்செல்வன். ஆசீவகச் சமயத்தில் உறைத்து நின்றவன். ஒருநாள் அவன் மட்கலங்களை வெயிலில் உலர்த்துங்கால், மகாவீரர் அவை எங்ஙனம் ஆயின என வினவினார். மண்ணை நீர்பெய்து பிசைந்து, சாம்பரும் சாணமும் கலந்து, திகிரியில் ஏற்றி வனைந்தமை கூறினான். முயற்சியால் ஆயினவோ, முயற்சியின்றி ஆயினவோ என்று மீட்டும் வினவ, முயற்சியின்றியே. யாவும் நியதி என்றான். அற்றேல், நின் ஏவலாளன் ஒருவன் இக்கலங்களைக் களவு செய்யினும் உடைப்பினும், நின் மனைவி அக்கினிமித்திரையிடத்துத் தகாதன ஒழுகினும் என் செய்வாய் என்று அவர் கேட்டார். வைவேன், அடிப்பேன், கொல்லவுஞ் செய்வேன் என்றான் குயவன். யாவும் நியதியாயின் களவு செய்தானும் இலன், உடைத்தானும் இலன். நீ யாரை அடிப்பது? அடிப்பது தக்கதென்னின், முயற்சியில்லை என்ற நின் கூற்றுப் பொய்யாம் என்று மகாவீரர் உரைக்கவே, குயவன் தெளிந்து அவர்வழி நின்றான். நூல்வழக்கானன்றி நெஞ்சில் எழுஞ் சினத்தையே சான்றாக்கி நியதிவாதத்தை வீழ்த்திய நுட்பம் ஓர்ந்து உணரற்பாலது.

எனினும் ஆசீவகம் அத்துணையில் ஒழிந்துபட்டிலது. அசோகன் முடிசூடிய 12ஆம் ஆண்டில் கயைக்கு அணித்தாகிய பராபர் குன்றத்து இருகுகைகளை ஆசீவகர்க்கு அளித்தான். அவன் பெயரன் தசரதன் நாகார்ச்சுனிக் குன்றத்தில் மூன்று குகைகள் கொடுத்தான். பிற்காலத்தார் அக்கல்வெட்டுக்களிற் சிலவற்றில் ஆசீவகர் பெயரை உளிகொண்டு சிதைத்துள்ளனர்.

தமிழகத்தும் இச்சமயம் வேரூன்றியது. மணிமேகலையில் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதைக்கண் ஆசீவகன் தன் கொள்கை உரைக்கின்றான். நீலகேசியில் பூரணன் என்னும் ஆசீவக ஆசிரியனோடு வாதம் நிகழ்கின்றது. 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் மறுத்த பதினான்கு மதங்களுள் ஆசீவகமும் ஒன்று.

அற்றேல், தமிழ்நூல்கள் கூறும் ஊழும் ஆசீவகர் நியதியும் ஒன்றேயன்றோ எனின், அன்று. திருவள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமை கூறி, 62ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையும் கூறினார். ஊழாவது முன் தான் செய்த வினையின் பயன் தன்னையே வந்து சார்தல். ஆசீவகர் நியதியோ ஒருவன் வினையைக் காரணமாக உடையதன்று. சைவ சித்தாந்தத்தும் நியதி என்பதொரு தத்துவம் வித்தியாதத்துவம் ஏழனுள் வைத்து எண்ணப்படும். ஆயின் அதன் தொழில், அவரவர் வினைப்பயன் அவரவரையே சாருமாறு நிறுத்துதல். எனவே சொல் ஒன்றாயினும் பொருள் மறுதலைப்பட்டது. ஆசீவகர் நியதி வினையைச் செய்தானினின்றும் அறுப்பது. சித்தாந்த நியதி வினையைச் செய்தானொடு பிணிப்பது.

அன்றியும், தொல்வினையும் நுகர்வினையும் ஏறுவினையும் எனச் சித்தாந்தம் வினையை மூவகைப்படுத்துகின்றது. இப்பொழுது நுகரப்படுவது முன்னையது; அதனை நுகருங்கால் புதிதாகச் செய்யப்படுவது ஏறுவினை. வந்ததனை விலக்குதல் அரிதாயினும், வந்தவிடத்து எங்ஙனம் ஒழுகுவது என்பது ஒழுகுவானைச் சார்ந்ததே.

இதனை மறந்தார் பலர் இன்றும் உளர். தம் பிழைக்கு விதியைக் காட்டுவார், பிறர் பிழை கண்டவழி அவ்விதியை நினையாது வெகுள்வர். சத்தாலபுத்திரன் பட்ட முரண் இதுவே. அதனினுங் கொடியது, பசித்தான் ஒருவனைக் கண்டு, அஃது அவன் வினையென்று சொல்லிக் கடந்து போதல். அவன் பசி அவனது பழவினையின் பயனாகவே இருப்பினும், கையிற் பொருளுடையான் ஈயாது போதல் யாருடைய வினை? அது கடந்து போவான் அப்பொழுதே தனக்கு ஈட்டிக்கொள்ளும் ஏறுவினையாம். பிறர் துன்பத்திற்கு அவர் வினையைக் காட்டுமுன், தன் கைக்குத் தான் பொறுப்பாதலை உணர்தலே அறமென்க.