ஹோ ப்ரையன் முதல் ஷெர்ரி வரை: ஒயின் பெயர்களும் தடுமாறிய நாக்குகளும்

1663ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி. லண்டன் லொம்பார்ட் தெருவில் ராயல் ஓக் என்றொரு மதுக்கூடம். கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் அங்கே ஒரு பிரெஞ்சு ஒயினைக் குடிக்கிறார். வீட்டுக்குப் போனதும் தன் டைரியில் அதைப் புகழ்ந்து எழுதுகிறார். இப்படியொரு தனிச்சுவையை இதுவரை கண்டதில்லையாம். ஒயினின் பெயர்? "ஹோ ப்ரையன்" என்று எழுதி வைத்திருக்கிறார்.

அப்படி ஒரு ஒயின் கிடையாது! அவர் குடித்தது போர்தோ பகுதியின் "ஓ ப்ரியோன்". முதலில் எழுதும் ஹெச் எழுத்துக்கு ஒலி இல்லை, நடுவில் வரும் டி எழுத்துக்கும் இல்லை, கடைசி "ன்" மூக்கோடு நின்றுவிடும். அதை ஏதோ பக்கத்து வீட்டு ப்ரையன் மாதிரி ஆக்கிவிட்டார் மனிதர். இதில் இன்னொரு வேடிக்கை, அவருடைய பெயரே எழுதியபடி படிக்க முடியாத பெயர். எழுத்துக் கூட்டினால் "பெப்பிஸ்" என்று வரும்; சொல்ல வேண்டியது "பீப்ஸ்". ஆம், புகழ்பெற்ற டைரி எழுத்தாளர் சாமுவேல் பீப்ஸ்தான் அவர்.

இன்று ஒரு பெரிய உணவகத்தில் ஒயின் பட்டியலை நீட்டினால் பலர் வாயைத் திறப்பதே இல்லை. விரலால் தொட்டுக் காட்டி "இது" என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். பெயரைத் தப்பாகச் சொல்லி வெயிட்டர் சிரித்துவிட்டால்? இந்தப் பயம் பீப்ஸுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் பயம் எப்போது வந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஒயின் வியாபாரத்தின் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

வாய்க்கு வந்ததே பெயர்

இங்கிலாந்தில் திராட்சை விளைச்சல் மிகக் குறைவு. ஒயின் என்றாலே கப்பலில் வர வேண்டிய சரக்கு. 1152ல் அக்கித்தேன் நாட்டு இளவரசி எலினோர், பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான இரண்டாம் ஹென்றியை மணந்தார். அந்தக் கல்யாணத்தின் பலனாக போர்தோ பகுதி ஆங்கிலேய அரசர்களின் கைக்கு வந்தது. 1453 வரை, அதாவது 300 ஆண்டுகள், அது அவர்களிடம்தான் இருந்தது. அங்கிருந்து வந்த வெளிர்சிவப்பு ஒயினைப் பிரெஞ்சுக்காரர்கள் "க்ளேரே" என்றார்கள். ஆங்கிலேயர் அதை "க்ளாரெட்" ஆக்கினார்கள், கடைசி "ட்" அழுத்தமாக ஒலிக்க. இன்றும் இங்கிலாந்தில் அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர் மாதிரி சொன்னால் அதுதான் தப்பு! தவறான உச்சரிப்பு நாளடைவில் சரியான உச்சரிப்பாகவே மாறிவிட்டது.

போர்ச்சுகல் கதையும் இப்படித்தான். "ஓ போர்ட்டோ" என்றால் "அந்தத் துறைமுகம்" என்று அர்த்தம். முன்னால் இருக்கும் "ஓ" வெறும் சுட்டுச்சொல். ஆங்கிலேயர் அதையும் ஊர்ப்பெயரோடு ஒட்டி "ஓபோர்ட்டோ" என்று அழைத்தார்கள். அங்கிருந்து வந்த ஒயின் "போர்ட்" ஆயிற்று. 1703ல் மெத்துவன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி போர்ச்சுகல் ஒயினுக்கான இறக்குமதி வரி பிரெஞ்சு ஒயினுக்கு உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. விலையும் குறைவு, பெயரும் சுலபம். வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஜெர்மனியின் ஹோக்ஹைம் ஊர் ஒயின் "ஹாக்" என்று சுருங்கியது. காலப்போக்கில் ரைன் நதிக்கரையின் எல்லா வெள்ளை ஒயினுக்கும் அதே பெயர். கிரேக்கத்தின் மோனெம்வாசியா துறைமுகத்தின் பெயர் பல நாட்டு வாய்களில் புகுந்து "மாம்சி" என்று வெளியே வந்தது. மூலப்பெயரை அதில் கண்டுபிடிக்க முடிகிறதா, பாருங்கள்!

இவற்றில் மிகவும் சுவாரசியமானது ஷெர்ரி. ஸ்பெயினின் தெற்கே இருக்கும் ஊர் அது. அரபு ஆட்சிக் காலத்தில் அதன் பெயர் "ஷெரிஷ்". பழைய ஸ்பானிய மொழியிலும் "ஷ" ஒலியோடுதான் அதைச் சொன்னார்கள். ஆங்கிலேயர் காதில் "ஷெர்ரிஸ்" என்று விழுந்தது. கடைசி "ஸ்" பன்மை விகுதி என்று நினைத்து அதை வெட்டிவிட்டார்கள்; ஷெர்ரி பிறந்தது. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் இந்த ஒயினைப் பற்றி ஒரு நீண்ட பிரசங்கமே செய்கிறார். பிறகு ஸ்பானிய மொழியில் அந்த ஒலி மாறியது. இன்று அந்த ஊர்க்காரர்கள் "ஹெரெஸ்" என்கிறார்கள். ஆக, ஆங்கிலேயர் "தப்பாக" சொல்லும் பெயரில்தான் ஊரின் பழைய ஒலி ஒளிந்திருக்கிறது. சொந்தக்காரர்களின் நாக்கு நகர்ந்துவிட்டது, வாங்கியவர்களின் நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

கூச்சம் பிறந்த கதை

அந்தக் காலத்தில் ஒயின் பீப்பாயில் வந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள். தங்களுக்குப் பழக்கமான வியாபாரியிடம் க்ளாரெட், போர்ட், ஹாக் என்று சொன்னால் போதும். தோட்டத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

ஓ ப்ரியோன் இதற்கு ஆரம்பத்திலேயே விதிவிலக்காக இருந்தது. அதன் உரிமையாளர்களான போந்தாக் குடும்பத்தார், லண்டன் பெருந்தீ நடந்த 1666ஆம் ஆண்டுக்குப் பிறகு அதே லண்டனில் ஒரு உணவு விடுதி திறந்தார்கள். தங்கள் தோட்டத்து ஒயினைத் தங்கள் பெயரிலேயே விற்றார்கள். இன்றைய பாடப்புத்தகங்கள் "பிராண்டிங்" என்று சொல்லும் வேலையை அவர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள்.

1855ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்காக போர்தோ தரகர்கள் அந்தப் பகுதித் தோட்டங்களை விலையை வைத்து ஐந்து படிகளாகத் தரம் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். சிவப்பு ஒயின்களில் முதல் படியில் லாஃபீத், லாத்தூர், மார்கோ, ஓ ப்ரியோன் என்று நான்கே நான்கு. ஐந்தாவதாக மூத்தோன் சேர்வதற்கு 1973 வரை ஆயிற்று. அதாவது இனி "க்ளாரெட்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த க்ளாரெட், எந்தப் படி?

சரியாக அதே காலத்தில் ஒயின் மலிவானது. 1860ல் பிரிட்டனும் பிரான்சும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் பிரெஞ்சு ஒயினுக்கான வரியைக் குறைத்தார். 1861ல் மளிகைக்கடைக்காரர்களும் உரிமம் பெற்று ஒற்றை பாட்டிலாக ஒயின் விற்கலாம் என்று சட்டம் வந்தது. நடுத்தரக் குடும்பங்கள் முதன்முறையாகக் கடைக்குப் போய் "அந்த ஒயின் கொடுங்கள்" என்று கேட்கும் நிலை. காசு இருந்தால் பாட்டிலை வாங்கிவிடலாம். பெயரைச் சொல்லும் விதத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாதே! யார் பழைய பணக்காரர், யார் புதுசு என்று பிரித்துக் காட்ட நாக்கு ஒரு அளவுகோலாகிப் போனது.

எல்லோரும் அதற்குப் பயந்துவிடவில்லை. முதல் உலகப்போரின்போது பிரான்சில் இருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் வெள்ளை ஒயினைக் குறிக்கும் "வேன் ப்ளான்" என்ற பிரெஞ்சுச் சொல்லைத் தங்கள் இஷ்டத்துக்குத் திருகினார்கள். மலிவு ஒயினைக் குறிக்கும் "ப்ளாங்க்" என்ற சொல் அப்படித்தான் பிறந்தது என்பது பரவலான கருத்து.

பெயர் பறிபோனபோது

இதுவரை படித்தால், பெயரை எப்படிச் சொன்னால் என்ன, வியாபாரம் நடந்தால் சரி என்று தோன்றும். ஆனால் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. வாய்க்கு ஏற்றபடி வளைந்த பெயர் மெல்ல மெல்ல ஊரிலிருந்து கழன்றுவிடும். "ஹெரெஸ்" என்று சொன்னால் அது ஒரு ஊர். "ஷெர்ரி" என்று சொன்னால்? அது ஒருவகைப் பானம், அவ்வளவுதான். பானம் என்று ஆகிவிட்டால் யார் வேண்டுமானாலும் செய்யலாமே!

அப்படியே நடந்தது. தென்னாப்பிரிக்க ஷெர்ரி, ஆஸ்திரேலிய ஷெர்ரி, சைப்ரஸ் ஷெர்ரி, ஏன், பிரிட்டிஷ் ஷெர்ரிகூட வந்தது. ஹெரெஸ் வியாபாரிகளின் பெயர் அவர்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. விவகாரம் லண்டன் நீதிமன்றம் வரை போய் 1967ல் தீர்ப்பு வந்தது. வெறுமனே ஷெர்ரி என்றால் அது ஹெரெஸ் பகுதி ஒயின் மட்டுமே. ஆனால் இத்தனை காலம் சும்மா இருந்துவிட்டதால் "பிரிட்டிஷ் ஷெர்ரி" போன்ற பெயர்களைத் தடுக்க முடியாது! பாதி வெற்றி. மீதி வெற்றிக்கு 1990களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியச் சட்டம்தான் கைகொடுத்தது. இன்று அந்த ஒயினின் சட்டப்பூர்வப் பெயரில் ஹெரெஸ், ஸேரெஸ், ஷெர்ரி என மூன்று மொழி வடிவங்களும் சேர்ந்தே இருக்கின்றன. பட்ட காயத்தின் தழும்பு மாதிரி!

பிரான்ஸ் 1935லேயே ஊர்ப்பெயர்களைக் காக்கும் சட்டத்தை முறைப்படுத்தியது. உலக வர்த்தக நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டு டிரிப்ஸ் ஒப்பந்தத்தில் ஒயினுக்கும் மற்ற மதுவகைகளுக்கும் தனிப் பாதுகாப்பே இருக்கிறது. சில விதிவிலக்குகள் போக, "இன்ன ஊர் பாணி" என்றுகூட அடுத்தவர் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவின் பெருமையான "கிரேஞ்ச் ஹெர்மிடேஜ்" ஒயின், 1990ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து ஹெர்மிடேஜ் என்ற பிரெஞ்சு மலையின் பெயரை உதறிவிட்டு வெறும் "கிரேஞ்ச்" ஆனது. இந்தியாவில் டார்ஜிலிங் தேயிலைக்கு 2004ல் முதல் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னால் இருப்பதும் இதே ஒப்பந்தம்தான்.

அமெரிக்கர்கள் வேறு வழி கண்டார்கள். 1933ல் மதுவிலக்கு முடிந்த பிறகும் அங்கே "கலிபோர்னியா பர்கண்டி", "கலிபோர்னியா ஷாப்லி" என்று இரவல் ஊர்ப்பெயர்கள்தான். ஃப்ராங்க் ஷூன்மேக்கர் என்ற எழுத்தாளரும் வியாபாரியுமானவர், ஊரின் பெயருக்குப் பதில் திராட்சையின் பெயரைப் போடுங்கள் என்று வற்புறுத்தினார். 1976ல் பாரிஸில் பெயரை மறைத்துச் சுவைக்கும் ஒரு போட்டி நடந்தது. நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் பிடித்தவை கலிபோர்னிய ஒயின்கள்! பெயர் மறைந்தபோது நாக்கு பேசும் விதமே வேறாக இருந்தது.

தைரியமாகச் சொல்வது எப்படி?

இத்தனை வரலாறு படித்ததற்கு ஒரு பலன் வேண்டாமா? சில எளிய விஷயங்கள் தெரிந்தால் போதும்.

பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது. பீனோ, மெர்லோ, ஷாப்லி எல்லாம் அப்படித்தான். மோன்ராஷே என்ற பெயரில் நடுவிலும் கடைசியிலும் ஒரு டி எழுத்து ஒளிந்திருக்கிறது. இரண்டுக்குமே ஒலி கிடையாது. ஆனால் இந்த விதியைக் கற்றுக்கொண்ட கையோடு 1743ல் தொடங்கிய புகழ்பெற்ற ஷாம்பெய்ன் நிறுவனத்தின் பெயரை "மோயே" என்று சொல்பவர்கள் ஏராளம். அதில் கடைசி "ட்" ஒலிக்கும், "மொவெட்". அரைகுறையாகத் தெரிந்தால் வரும் வினை! ஸ்பானிய ரியோஹாவில் "ஜ" இல்லை. இத்தாலியக் கியாந்தியில் "ச" இல்லை. ஜெர்மன் ரீஸ்லிங்கை "ரைஸ்லிங்" ஆக்கக் கூடாது.

தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. ஆங்கிலேயர் தடுமாறும் "ஞ" ஒலி நமக்கு ஞாயிறு, ஞானம் என்று தினமும் வருவது. பிரெஞ்சு "பூர்கோஞ்", போர்ச்சுகீசிய "வீஞு" எல்லாம் நம் நாக்குக்குச் சிரமமே இல்லை.

ஆனால் தைரியம் உச்சரிப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. சொல்லும் பெயர் ஊரா, ஆளா, திராட்சையா என்று தெரிந்தவர் கொஞ்சம் பிசகிச் சொன்னாலும் கூனிக்குறுக வேண்டியதில்லை. பீப்ஸ் தப்பாகத்தான் எழுதினார். ஆனாலும் எந்தத் தோட்டம் என்று 360 ஆண்டுகள் கழித்தும் நம்மால் சொல்ல முடிகிறது. காரணம், தான் குடித்ததற்கு ஒரு பெயர் உண்டு என்பதை அவர் மதித்தார்.

அந்தப் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் பாடுகிறார். அவர் அதற்குச் சொன்ன சொல் "தேறல்". அழகான தமிழ்ச்சொல்தான். ஆனால் எந்த ஊர்த் தேறல்? பாட்டில் இல்லை. 1945ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டைத் தோண்டியபோது உடைந்த மதுச்சாடிகள் கிடைத்தன. பிற்பாடு அந்த ஓடுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பல கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை என்று கண்டார்கள்.

யாரும் சொல்லாமல் விட்ட ஊரின் பெயரைக் கடைசியில் ஓட்டுத்துண்டுகள்தான் சொல்ல வேண்டியிருந்தது.